வெண்டைக்காயும் விருந்தாளியும்

"மாப்ளே... இந்த வருஷம் அழகர் என்னிக்கி ஆத்துல எறங்குறாரு?"

பங்குனி முடிவதற்குள் கோவில்பட்டியிலிருந்து மாமாவின் ஃபோன் வந்துவிடும். பக்தி மேலீட்டில் பஞ்சாங்க சந்தேகம் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரைக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அர்த்தமே வேறு. 'எத்தனாம் தேதி பெட்டியோட வந்து எறங்கட்டும்?' என்று அர்த்தம். அழகர் ஒரு நாள் ஆற்றில் இறங்குவார். மாமா ஒரு வாரம் எங்கள் வீட்டில் இறங்குவார்.

சித்திரையில் மதுரையில் சொந்த வீடு வைத்திருப்பவன் படும் பாடு வெளியூர் அன்பர்களுக்குத் தெரியாது. மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம். அது முடிந்த கையோடு எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது, தசாவதாரம், பூப்பல்லக்கு. பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சை முடிந்து லீவு வேறு. உறவு என்று ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், பிடித்துக்கொண்டு நேராக ஆனையூருக்கு வந்துவிடுவார்கள்.

அடியேனைப் பற்றி இரண்டே வரி. படித்தது பி.காம். பார்ப்பது பத்திரிகைகளுக்கு எழுதும் வேலை. அதாவது, சொந்தக்காரர்கள் பாஷையில், 'வீட்லதான் இருக்கான்.' வீட்டம்மா ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். படித்த படிப்புக்கு நான் பார்த்திருக்க வேண்டிய வேலையை அவள் பார்க்கிறாள். ஆகவே சித்திரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆளை அழைத்து வருவது, நாயக்கர் மகால் காட்டுவது, காந்தி மியூசியம் காட்டுவது, ஜிகர்தண்டா வாங்கிக் கொடுப்பது எல்லாம் இந்த 'வீட்லதான் இருக்கான்' பொறுப்பு.

இருப்பது நாலு சென்ட் இடம். வீடு போக மிச்சம் ஒரு சென்ட். 2018-ல் எனக்குத் திடீரென்று ஒரு ஞானம் பிறந்தது. 'வருகிற கூட்டத்துக்குக் காய்கறி வாங்கியே திவாலாகிறோமே, நாமே போட்டால் என்ன?'

போட்டேன், ஸார். மண் ஒரு வண்டி, மாட்டு எரு, விதை, மம்பட்டி, பூவாளி, ஆடு வராமல் இருக்க வலை. மொத்தச் செலவு 2,340 ரூபாய். பி.காம். அல்லவா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அந்தக் கோடையில் விளைந்தது 31 வெண்டைக்காய், 8 கத்தரிக்காய். ஆக மொத்தம் 39. ஒரு காய் அறுபது ரூபாய் அடக்கம்!

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பரில் எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அங்கே போய்க் கூறு கட்டி வைத்திருக்கும் கத்தரிக்காயைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சில் பக்கத்துக் கூறு கொத்தமல்லி வாடியிருக்கும்.

ஆனாலும் விடவில்லை. மறு வருஷம் கொஞ்சம் விவரம் தெரிந்துவிட்டது. மாசிக் கடைசியில் வெண்டை விதையை ஊன்றினால் நாற்பத்தைந்து நாளில், சரியாகச் சித்திரையில், காய்ப்புக்கு வரும். பூ உதிர்ந்து நாலைந்து நாளில் பறித்துவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் வளரட்டுமே' என்று ஆசைப்பட்டால் நார் பாய்ந்து, சாம்பாரில் போட்டால் தேங்காய் நார் மாதிரி பல்லில் மாட்டும். கத்தரிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். ஓரத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்காரர்களின் பி.கே.எம்.1 செடிமுருங்கை ஒன்று. ஆறு மாசத்தில் காய்க்கிற அவசரக் குடுக்கை. மூலையில் இரண்டு வாழை.

2019 சித்திரையில் என் தோட்டம் ஜம்மென்று நின்றது. தினமும் காலையில் ஒவ்வொரு பிஞ்சாக எண்ணி வந்தேன். நகைக்கடை முதலாளிகூட அப்படி எண்ணியிருக்க மாட்டார்.

அந்த வருஷம் ஒரு வேடிக்கை. ஏப்ரல் 18 தேரோட்டம். அன்றைக்கே பார்லிமென்ட் தேர்தல். திருவிழாவுக்காக மதுரையில் ஓட்டுப் போட ராத்திரி எட்டு மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்குகிறார். எங்கள் சொந்தங்கள் அத்தனை பேரும் ஊரில் ஜனநாயகக் கடமையை முடித்துவிட்டு, விரலில் மையோடு ராத்திரி வந்து இறங்கினார்கள். கோவில்பட்டி மாமா குடும்பம் ஐந்து, சிவகாசி அத்தை வகையில் ஆறு, சென்னை மச்சினனும் அவன் சம்சாரமும் இரண்டு, கமுதிப் பக்கத்திலிருந்து பெரியப்பா ஒன்று. மொத்தம் 14. மறுநாள் அந்தப் பதினான்கு மை விரல்களும் என் வெண்டைச் செடிகளைத் தடவிப் பார்த்தன.

"ஏய்யா, பிஞ்சா இருக்கே, பறிச்சிரவா?" என்று அத்தை கேட்பதற்குள் பாதி பறித்தாகிவிட்டது. பிள்ளைகள் பச்சையாகவே கடித்துத் தின்றன. மச்சினன் கத்தரிப் பூவைப் பறித்து சம்சாரத்தின் தலையில் வைத்து ஃபோட்டோ எடுத்தான். ஒரு பூ என்றால் ஒரு கத்தரிக்காய் என்பது அந்தக் காதல் மன்னனுக்கு எங்கே தெரியப்போகிறது!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தண்ணீரைத்தான் பொறுக்க முடியவில்லை. மதுரை வெயில் தெரியுமல்லவா? ஆளுக்குக் காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். கோடையில் எங்கள் போரில் இருபது நிமிஷம் தண்ணீர் வரும், பிறகு காற்றுதான் வரும். டிராக்டர் தண்ணீர் வாங்கினேன். மூன்று லோடு, 1,800 ரூபாய். நோட்டில் 'விருந்தினர் கணக்கு - பற்று' என்று தனிப் பக்கமே திறந்துவிட்டேன். அரிசி, காபித்தூள், ஜிகர்தண்டா 14, டிராக்டர் தண்ணீர், வெண்டைக்காய், பறிபோன கத்தரிப் பூ ஒன்று. எல்லாம் பற்று, பற்று, பற்று.

கடுப்பில் ஒரு காரியம் செய்தேன். குளியலறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'ஒருவருக்கு ஒரு வாளி மட்டும். இப்படிக்கு, தண்ணீர்த் தொட்டி.'

பத்திரிகைக்காரன் தமாஷ் என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா அதைச் செல்ஃபோனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினார். சிரித்துவிட்டு வழக்கம்போல் இரண்டு வாளி குளித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

கமுதிப் பெரியப்பா. அவர் ஊர் வானம் பார்த்த பூமி. மிளகாய்க் கொல்லைக்கு மழை வருமா, வராதா என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து வளைந்த மனுஷன். ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு மஞ்சப்பையில் வேட்டி, இன்னொரு மஞ்சப்பையில் எங்களுக்கு முண்டு வத்தல். (அந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.)

மறுநாள் நாலு மணி இருக்கும். கொல்லையில் சலசலவென்று சத்தம். ஆடுதான் வலையைத் தாண்டிவிட்டது என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கத்தரிப் பாத்திக்கு நடுவில் பெரியப்பா, கோவணத்தோடு, அரை வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு சொம்பு சொம்பாக ஊற்றிக் குளித்துக்கொண்டிருக்கிறார். உடம்பில் பட்ட தண்ணீர் ஒழுகிச் செடிக்குப் போகிறது.

"பெரியப்பா! பாத்ரூம் எதுக்கு இருக்கு? இங்க வந்து..."

"நீ எழுதி வச்சது சரிதாம்ப்பா. தண்ணிய வீணாக்கக் கூடாது. நான் சோப்பெல்லாம் போடல, பயப்படாத. செடிக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'அது உங்களுக்கு இல்லை பெரியப்பா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பை வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

விடிந்ததும் மனுஷர் மம்பட்டியைக் கையில் எடுத்துவிட்டார். குளியலறைக் குழாய் சாக்கடையில் போய் விழுகிற இடத்திலிருந்து வாழை மூலை வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால். தண்ணீர் விழும் வாயில் கல்வாழைக் கிழங்கு நாலு ஊன்றினார். சோப்பு அழுக்கை அது தாங்கிக்கொள்ளுமாம். பிறகு சட்டம் போட்டார். துணி துவைத்த காரத் தண்ணீர் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது. குளித்த தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும். அரிசி, காய் கழுவின தண்ணீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும்.

"இப்ப நல்லாக் குளிங்கடா எல்லாரும். வாழை குடிக்கட்டும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே மஞ்சப்பையை எடுத்துக்கொண்டார். பூப்பல்லக்கு வரை இருப்பதாகச் சொன்னவர்.

"ஆடு கெடந்து கத்தும்ப்பா. பாத்துக்க ஆளில்ல" என்றார். நானும் நம்பினேன். நோட்டில், 'பெரியப்பா, பஸ் சார்ஜ் - பற்று' என்று எழுதினேன்.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல. நீங்க ஒட்டினதப் பாத்துட்டுத்தான் மாமா கெளம்பிட்டாங்க" என்றாள் வீட்டம்மா. "அவங்க ஆட்டையெல்லாம் போன வருஷமே வித்தாச்சு."

மதுரையில் பிறந்த எவனுக்கும் இந்தக் கதை புதிதில்லை. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு அழகர்கோவிலிலிருந்து புறப்படுகிறார் அழகர். இருபது கிலோமீட்டருக்கு வழியெல்லாம் மண்டகப்படி, 'கொஞ்சம் நின்னுட்டுப் போங்க' என்ற உபசாரம். வைகைக் கரைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று சேதி. கோபித்துக்கொண்டு, ஊருக்குள் நுழையாமல் ஆற்றில் இறங்கி அப்படியே வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார் என்பது ஜனங்கள் சொல்கிற கதை. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வருகிறார் என்பது புராணம். முன்பு சோழவந்தான் அருகே தேனூரில் இறங்கிக்கொண்டிருந்தவரை, 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் மதுரைக்குத் திருப்பி, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரைக்கு மாற்றி, இரண்டு திருவிழாவையும் ஒன்றாக்கினார் என்பார்கள். எது எப்படியோ, எங்கள் ஊரின் ஆகப் பெரிய திருவிழாவே ஒரு விருந்தாளி கோபித்துக்கொண்டு போன கதைதான். வருஷா வருஷம் லட்சக்கணக்கில் கூடி நின்று அதைப் பார்க்கிறோம். புத்திதான் வரவில்லை.

கூடப் படித்த காரைக்கால் நண்பன் ஒருவன் பிரான்ஸில் இருக்கிறான். அவனிடம் ஃபோனில் புலம்பினேன். "இங்கயும் அதே கதைதாண்டா" என்றான். ஆகஸ்ட் மாசம் வந்தால் பாரிஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்களாம். கடலோரத்தில் வீடும் காய்கறித் தோட்டமும் வைத்திருப்பவன் பாடு சித்திரை மதுரைக்காரன் பாடுதானாம். ஒரே வித்தியாசம், அங்கே வருகிற தேதி, போகிற தேதி இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கையில் ஒரு ஒயின் பாட்டில் கொண்டுவருவார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, தேதி சொல்கிற விஷயத்தில்தான்!

அடுத்த வருஷம் ஃபோனே வரவில்லை. 2020.

மார்ச் கடைசியில் ஊரடங்கு. சித்திரைத் திருவிழா கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். மே 4-ம் தேதி திருக்கல்யாணத்தைக் கோயிலுக்குள் சில பட்டர்கள் மட்டும் நின்று நடத்தினார்கள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தோம். மீனாட்சிக்குத் தாலி ஏறும் நேரத்தில் வீட்டம்மா பூஜையறையில் தன் தாலிக் கயிற்றை மாற்றிக்கொண்டாள். வழக்கமாகப் பத்துப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டு கலகலவென்று இருக்கும் அறை. அன்றைக்கு முடிச்சுப் போட நான்தான் கிடைத்தேன். அழகர் ஆற்றுக்கு வரவேயில்லை.

'அப்பாடா, இந்த வருஷம் தோட்டம் முழுக்க நமக்குத்தான்' என்று நான் நினைத்தது உண்மை. மறைப்பானேன்? மாசியில் ஊன்றிய வெண்டை காய்த்துக் குலுங்கியது. மூன்று பேர் எத்தனை வெண்டைக்காய் தின்ன முடியும்? பொரியல், சாம்பார், மோர்க்குழம்பு, மறுபடி பொரியல். "அப்பா, வெண்டைக்கா சாப்பிட்டா கணக்கு வரும்னியே, எனக்கு இனிமே கணக்கு வராட்டியும் பரவால்ல" என்று மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கம்பக்கத்தில் கொடுத்ததும் போக, மிச்சம் செடியிலேயே முற்றி, நார் பாய்ந்து, வெடித்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் இன்னொன்று நடந்தது. வாழை வாட ஆரம்பித்தது. முந்தைய வருஷம் அதே வெயிலில் கும்மென்று நின்று, ஆடியில் இரண்டு ஆள் தூக்குகிற தார் போட்ட வாழை. அதன் பக்கக் கன்றுகள் இலை சுருண்டு நின்றன. போரில் காற்று. பெரியப்பா வெட்டிய வாய்க்கால் பாதி தூரத்திலேயே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது.

வீட்டம்மா ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பொழுது போகாமல் என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஆடிட்டர் ஆபீஸ் கண் அல்லவா?

"ஏங்க, இது யார் போட்ட கணக்கு?"

"நான்தான். ஏன்?"

"போன வருஷம் 1,800 ரூபாய்க்குத் தண்ணி வாங்கி விருந்தாளி தலையில எழுதியிருக்கீங்க. பதினாலு பேர், ரெண்டு வேளை, வேளைக்கு ரெண்டு வாளி. பதினஞ்சு லிட்டர் வாளி. ஒரு நாளைக்கு 840 லிட்டர். அது எங்க போச்சு?"

"வாய்க்கால்ல."

"அப்புறம்?"

"வாழைக்கு..."

"இப்ப நம்ம மூணு பேரு. 180 லிட்டர். அது எப்படிப் பத்தும்? சரி, இந்த வாய்க்காலுக்குக் கூலி எங்க எழுதியிருக்கீங்க? சிவகாசி அத்தை மூணு நாள் உக்காந்து களை பறிச்சாங்களே, அது எங்க? முண்டு வத்தல் ரெண்டு கிலோ, கோவில்பட்டி கடலைமிட்டாய் நாலு பாக்கெட், எதையும் வரவுல காணோமே! பெரிய மாமாவோட பஸ் சார்ஜ் மட்டும் இருக்கு. அதையும் அவங்களே குடுத்துட்டாங்க, கண்டக்டர்கிட்ட. நான் பக்கத்துலதான் நின்னேன்."

வாயடைத்துப் போனேன். யோசித்துப் பாருங்கள். கத்தரிக்காய்க்காக எவனாவது டிராக்டர் தண்ணீர் வாங்குவானா? விருந்தாளிக்காக வாங்கினேன், கத்தரி குடித்தது, வாழை குடித்தது. காமர்ஸ் வாத்தியார் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவாரே: 'பெறுபவர் கணக்கைப் பற்று வை, தருபவர் கணக்கை வரவு வை.' யார் பெறுபவர், யார் தருபவர் என்று தெரியாமலேயே ஒருவன் பி.காம். பாஸ் பண்ண முடியும் என்பதற்கு நானே சாட்சி.

2021-லும் அழகர் கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டார். 2022-ல்தான் மறுபடி ஜனங்களோடு திருவிழா என்று சேதி வந்தது. கோவில்பட்டி ஃபோன் பங்குனியிலேயே வந்துவிட்டது. கமுதி ஃபோன் வரவில்லை. நானே பேசினேன்.

"எனக்கெதுக்குப்பா? கால் வேற வலிக்குது. உனக்கும் தண்ணிக்குச் சிரமம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மூன்று வருஷமாக அந்தக் காகிதத்தை ஞாபகம் வைத்திருக்கிறார், என் சிரமமாக.

மறுநாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை வழியாகக் கமுதி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஊர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் என்ன வசனம் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை. 'மன்னிச்சிருங்க பெரியப்பா' என்று ஆரம்பிக்கலாமா, காலில் விழுந்துவிடலாமா என்று பலத்த யோசனை. திண்ணையில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் எல்லா வசனமும் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இதுதான்:

"பெரியப்பா, வாய்க்கால் தூந்து போச்சு. எனக்கு வெட்டத் தெரியல."

நிமிர்ந்து பார்த்தார். "மட்டம் பாத்து வெட்டணும்டா. உனக்கு எங்க தெரியும்?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "கல்வாழை இருக்கா, பட்டுப் போச்சா?"

"பட்டுப் போச்சு."

"அப்ப இங்கருந்தே கெழங்கு எடுத்துக்குவோம்" என்று எழுந்தார். விருந்துக்கு வரமாட்டேன் என்றவர் வேலைக்கு உடனே வந்துவிட்டார். அந்தத் தலைமுறையே அப்படித்தான் போலிருக்கிறது. போகிற வழியில் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "என்ன காகிதம்?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா, கண்டுபிடிக்க முடியவில்லை. அருப்புக்கோட்டையில் பஸ் நின்றபோது எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் நானே போய் அழைத்து வருகிறேன். மூன்று வாளி குளிக்கச் சொல்லி உத்தரவு. 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு எனக்கு இன்னொரு நிம்மதி. உச்சி வெயிலில் பிள்ளைகளை அங்கே ஏ.சி.யில் உட்கார வைத்துவிட்டு வந்துவிடலாம். கத்தரிப் பூ பிழைத்தது. நோட்டில் 'விருந்தினர் கணக்கு' பக்கத்தைக் கிழித்துவிடவில்லை. அப்படியே இருக்கிறது. வீட்டம்மா அதன்மேல் சிவப்பு மையில் 'தவறான பதிவு' என்று எழுதி, ஆபீஸ் தோரணையில் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் ஃபோன் மணி அடித்தது.

"மாப்ளே... அழகர் என்னிக்கி எறங்குறாரு?"

தேதியைச் சொன்னேன். "எத்தனை பேரு மாமா வர்றீங்க?"

"எப்பவும்போலதான் மாப்ளே. அங்க இங்கன்னு எல்லாருமாச் சேந்து பதினாலு வரும். சிரமமா இருந்தாச் சொல்லுங்க, கொறச்சிக்கிறோம்."

"பதினாலா?" என்றேன். "எப்படி மாமா பத்தும்? இந்த வருஷம் புடலை வேற போட்டிருக்கேனே!"